இரண்டு செக்கன்

அண்ணனோடு இணையத்தில் கதைத்து முடிக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு எதையாவது தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருக்கும். அன்று ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம் ஐந்து மணி. மறுநாள் காலை எட்டு மணிக்குள் டொக்டருக்குப் பதில் சொல்ல வேண்டும். அப்பாவின் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுக்கச் சம்மதமா, இல்லையா? சலரோகப் புண், சீனி கூடி ஆறாமலே அழுகிவிட்டது. இனியும் பிந்தினால் முழங்காலும் போகும், பிறகு உயிருக்கே உத்தரவாதம் இல்லை என்று அவர் சொல்லிவிட்டார்.

அப்பாவுக்கு இது தெரியாது. சொன்னால் மனிசன் உடைந்துபோவார், சொல்லக்கூடாது என்பது ஜொனதன் அண்ணையின் கட்டளை. அன்று காலை ஆராதனையில் போதகர் அப்பாவின் காலுக்காக ஜெபம் பண்ணினார். சபை முழுக்கத் தெரியும், படுத்துக் கிடக்கிறவருக்கு மட்டும் தெரியாது. அண்ணை ரொறன்ரோவில், தம்பி லெனாட் லண்டனில், உடுவில் வீட்டில் அப்பாவோடு இருந்து புண் கழுவுவது நான். ஆனால் மூத்த ஆம்பிளைப் பிள்ளை 'ஓம்' சொல்லாமல் ஒரு முடிவு எடுக்க எங்கள் குடும்பத்தில் எவருக்கும் துணிவில்லை. எனக்கும்தான்.

அறைக் கதவைச் சாத்தி, காதில் ஹெட்செற்றை மாட்டி, லப்ரொப்பின் முன்னால் இருந்தேன். திரையில் அண்ணையும் லெனாட்டும்.

"டொக்டர் என்ன சொன்னவர் எண்டால்..." என்று தொடங்கி நிறுத்தினேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சரி, கேட்கிறார் என்று நான் தொடர, "சொல்லன் நிமலினி" என்று என் பேச்சின் மேலேயே வந்து விழுந்தார். நான் நிறுத்தினேன். அவரும் நிறுத்தினார். பிறகு இரண்டு பேரும் ஒன்றாகத் தொடங்கினோம்.

"நீ ஏன் எப்பவும் குறுக்கை குறுக்கை கதைக்கிறாய்?" என்றார்.

"உங்களுக்குச் சத்தம் பிந்தி வருது அண்ணை."

"அது உங்கத்தை இன்ரநெற். வயரிலை போடு. ஹெட்செற்றையும் கழட்டு, உதுதான் பிழை."

நல்லூரில் ஒரு ரியூசன் சென்ரரில் பன்னிரண்டு வருடமாகக் கணினி படிப்பிக்கிறேன். எனக்குப் பாடம் எடுக்கிறார், தன் வீட்டு ரவுட்டர் எந்த மூலையில் இருக்கிறது என்று தெரியாத மனிதர். பற்றிக்கொண்டு வந்தது. பிழை என் பக்கம் இல்லை என்று காட்டாமல் விடுவதில்லை என்று லப்ரொப்பைத் தூக்கிக்கொண்டு ஹோலுக்குப் போனேன். ரவுட்டர் அங்கேதான், கேபிளும் கட்டை. அப்பாவின் கட்டிலின் தலைமாட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு, வயரைக் குத்தி, ஹெட்செற்றைக் கழற்றி எறிந்தேன். அப்பா கண்ணை மூடியபடி கிடந்தார். நித்திரை என்று நினைத்தேன் என்று சொல்லலாம். உண்மையில் அந்த நேரம் நான் அவரைப் பற்றி நினைக்கவேயில்லை.

"இப்ப ஒரு சோதினை. நான் ஒண்டு எண்டால் நீங்கள் ரெண்டு எண்டு சொல்லோணும். முதல்லை லெனாட். ஒண்டு."

"ரெண்டு," என்று உடனே வந்தது.

"இனி அண்ணை. ஒண்டு."

லெனாட் ஒரு தரம் செருமினான். அதற்குப் பிறகுதான் அண்ணையின் "ரெண்டு" வந்தது.

"பிழை உங்கடை பக்கம்தான் அண்ணை. எதிலை கேக்கிறியள்?"

"ரீவியிலை. போனிலையிருந்து ரீவிக்கு விட்டிருக்கிறன். எழுபத்தைஞ்சு இஞ்ச், எல்லாரையும் பெரிசாப் பாக்கலாம்."

என் குரல் அவருடைய போனுக்கு உடனே போகிறது. அங்கிருந்து வைஃபையில் ரீவிக்குப் போய்ச் சேர இரண்டு செக்கன். எங்கள் முகம் பெரிதாகத் தெரிய வேண்டுமாம், நாங்கள் சொல்வது எப்போது வந்து சேர்ந்தாலும் பரவாயில்லையாம்.

"ரீவியை நிப்பாட்டிப்போட்டு போனிலையே கேளுங்கோ."

புறுபுறுத்துக்கொண்டு நிறுத்தினார். நான் "ஒண்டு" என்றதும் "ரெண்டு" என்றார். துளியும் பிந்தவில்லை.

அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. "டொக்டர் சொன்னது என்னெண்டால்..." என்று வாயைத் திறந்தேன்.

"அதெல்லாம் எனக்குத் தெரியும், நீ சும்மா இரு," என்று வெட்டினார். நான் சொல்வது இப்போது அவருக்கு உடனுக்குடன் கேட்கிறது. கேட்டுக்கொண்டேதான் வெட்டினார். "உவங்களுக்கு வெட்ட மட்டும்தான் தெரியும். நான் இஞ்சை ஒராளிட்டை விசாரிக்கிறன். இன்னும் ஒரு கிழமை பொறு. அப்பாவின்ரை காலை எடுக்க நான் விடமாட்டன்."

ஹோல் முழுக்கத் துல்லியமாகக் கேட்டது.

"ஆரின்ரை கால்?" என்றார் அப்பா.

திரும்பிப் பார்த்தேன். கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ எங்கையிருந்து கதைக்கிறாய்? உனக்கு அறிவிருக்கோ?" என்று அண்ணை கத்தத் தொடங்கினார். லப்ரொப்பின் சத்தத்தை முழுதாகக் குறைத்தேன். பத்து வருடத்துக்கு முதல் செய்திருக்க வேண்டிய வேலை.

"உன்னைத்தான் கேக்கிறன் பிள்ளை."

சொன்னேன். நாலு வசனத்தில் முடிந்துவிட்டது. அப்பா ஒருதரமும் குறுக்கே பேசவில்லை.

"எப்பவிருந்து தெரியும்?"

"பதினெட்டு நாளா."

"அண்டைக்கு டொக்டர் எவ்வளவு எடுக்கோணும் எண்டவர்?"

பொய் ஒன்று வாய்வரைக்கும் வந்தது. விழுங்கினேன்.

"ரெண்டு விரல்."

அப்பா தலையை உயர்த்தி, துணி சுற்றியிருந்த காலைப் பார்த்தார். திரையில் அண்ணையின் வாய் இன்னும் அசைந்துகொண்டிருந்தது.

"ரெண்டு விரல். நீங்கள் மூண்டு பேரும் கதைச்சுக் கதைச்சு முழங்கால்வரைக்கும் கொண்டுவந்திட்டியள்," என்றார். குரலை உயர்த்தவில்லை. "நான் இதிலைதானே கிடந்தனான். ஏன் என்னட்டை ஒரு வார்த்தை கேக்கேல்லை?"

அண்ணையின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். ஆனால் அப்பா மூன்று பேர் என்று சொன்னதில் நானும் இருந்தேன். ஆஸ்பத்திரியில் தந்த சம்மதக் கடதாசியை எடுத்து நீட்டினேன்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் அதை வாங்கினார்.

"பேனையைத் தா," என்றார்.