காற்றுப் போகாத தையல்

பெயிண்டருக்கு இருமல் பிடித்தபோது வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கார் பட்டறையில் காலம் பூராவும் ஸ்பிரே அடிக்கிறவனுக்கு இருமல் வராமல் வேறென்ன வரும் என்று அவன் அக்காள் சொன்னாள். அவன் மனைவிக்கும் அப்படித்தான் பட்டது. அவளும் அதே தெருவில்தான், நாலு கடை தள்ளி, கார் சீட்டுகளுக்கு உறை தைத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அவன் மூக்கைச் சிந்தினால், அன்றைக்கு வந்த கார் என்ன நிறம் என்று கைக்குட்டையைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

வேலையை விட்டால் அவனுக்கு ஒரே பைத்தியம், பழைய பாட்டு. சினிமாப் பழசு இல்லை. எழுநூறு, எண்ணூறு வருஷத்துப் பழசு, வெள்ளைக்காரர்கள் நாட்டுப் பாட்டு. இருமல் வருவதற்கு வெகு முன்னால், பெயிண்ட் அடிக்க வந்த ஒரு காரில் அந்த மாதிரிப் பாட்டு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு முடியும்வரை இவன் கையில் ஸ்பிரேயோடு அப்படியே நின்றுவிட்டான். காருக்குச் சொந்தக்காரர் ஒரு கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டிக் கிடக்கும் பள்ளிக்கூடத்தில் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு அந்தப் பாட்டுகளை வாசித்துப் பார்ப்பது அவர் வழக்கம். இவனும் போய் ஒட்டிக்கொண்டான்.

அந்தக் காலத்துச் சுவடிகளில் மெட்டு மட்டும்தான் இருக்கும். எவ்வளவு வேகம், எந்த வாத்தியம், ஒன்றும் எழுதியிருக்காது. ஒரே பாட்டை ஒரு வாரம் சாவு வீட்டுக்குப் போகிறமாதிரி வாசிப்பார்கள், அடுத்த வாரம் கல்யாண வீட்டுக்கு. எது சரி என்று சொல்ல ஒரு ஆள் உயிரோடு இல்லை. அதுதான் அவனுக்குப் பிடித்துப்போனது. பட்டறையில் கதவின் நிறம் மட்கார்டின் நிறத்தோடு இம்மி பிசகினாலும் ஏச்சு விழும். இங்கே தப்பு என்று சொல்ல ஆளே கிடையாது.

அவனுக்கு வாய்த்தது பைக்குழல். ஒரு தோல்பை, அதில் செருகிய மரக்குழல்கள். ஒரு குழல் வழியாகப் பையில் ஊதி, பையைக் கக்கத்தில் வைத்து அழுத்தினால், ஒரு குழல் சுருதி பிடிக்கும், இன்னொன்று பாடும். வாத்தியார் கொடுத்த குழல்கள் நன்றாக இருந்தன. பைதான் வெடித்துப்போயிருந்தது. வயசுபோன காலத்தில் ஆட்டுத்தோலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரிகிறானே என்று அக்காள் தலையில் அடித்துக்கொண்டாள். மனைவியும் சிரித்தாள். சிரித்தாலும், மெல்லிய தோலாகப் பார்த்து வாங்கி வந்து, மெழுகு நூலால் இரட்டைத் தையல் போட்டு, தேனையும் மெழுகையும் உருக்கி உள்ளே ஊற்றி உருட்டி, புதுப்பை ஒன்று செய்து கொடுத்தது அவள்தான். ஊதிக் கட்டி வாளித் தண்ணீரில் முக்கிப் பார்த்தாள். ஒரு குமிழிகூட வரவில்லை. அதைப் பார்த்துவிட்டு வாத்தியாரும் ஒன்று கேட்டார். அவருக்கும் தைத்துக் கொடுத்தாள்.

முதல் நாள் அவன் வாசித்தபோது பக்கத்து வீட்டு நாய் ஊளையிட்டது. போகப் போகப் பழகிவிட்டது. நடனத்துக்கான மெட்டு ஒன்றை அவன் எடுத்தால், அடியில் அந்தச் சுருதி தரையைப்போல விரிந்து கிடக்கும். மேலே மெட்டு குதித்துக் குதித்துப் போகும். அவள் பாத்திரம் துலக்கும் கை தானாக அந்தக் கதியில் ஓடும். எப்போதோ செத்துப்போன யாரோ ஆடிய ஆட்டத்துக்குத் தன் கை போவது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

இருமல் மாடிப்படி ஏற விடாத அளவுக்கு வந்ததும் அவள் பயந்துவிட்டாள். பெயிண்ட்தான் ஆளைத் தின்கிறது, பட்டறையை விடு என்று பிடிவாதம் பிடித்தாள். அவன் முறைத்தான், சாப்பிடாமல் இருந்து பார்த்தான், கடைசியில் விட்டான். அவள் இரண்டு மடங்கு சீட் எடுத்துத் தைத்தாள். அவன் வீட்டிலேயே இருந்ததால் காலையும் மாலையும் வாசித்தான்.

இருமல் குறையவில்லை, கூடியது. மாத்திரை மாற்றினார்கள். பூனையை அக்காள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பஞ்சுத் தலையணைகளைக் கொளுத்தினாள். ஈரம் பூத்த சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தாள். ஜன்னலில் புறா உட்கார்ந்தால் துடைப்பத்தோடு ஓடினாள். அவன் சோர்ந்து படுத்த நாட்களில் பைக்குழலை எடுத்து அவன் மடியில் வைத்ததும் அவளேதான்.

"சும்மா படுத்தே கெடக்காதீங்க. கொஞ்சம் ஊதுங்க, நெஞ்சுக்கு நல்லது."

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே தேறினான். வார்டு முழுக்க நடந்தான், பக்கத்துக் கட்டில்காரரோடு சீட்டாடினான். வீட்டுக்கு வந்த ஒரு வாரத்தில் பழையபடி மூச்சுக்குத் தவித்தான். மறுபடி சேர்த்தபோது, இங்கே இல்லாதது வீட்டில் என்ன இருக்கிறது என்று டாக்டரம்மா உட்கார்ந்து கேட்டார். பூனை இல்லை, புறா இல்லை, ஈரம் இல்லை. வீட்டில் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, வாசிப்பேன் என்றான் அவன்.

எதை என்று டாக்டரம்மா கேட்டார். சொன்னதும் அதைக் கொண்டுவரச் சொன்னார்.

அவள் பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பரிசோதனைக்கூடத்தில் அதைத் திறக்கத் தெரியாமல் கத்திரிக்கோலோடு நின்றார்கள். கொடுங்கள் என்று வாங்கி, தன் கைப்பையிலிருந்த தையல் பிரிக்கும் கத்தியால் தான் போட்ட தையலைத் தானே அறுத்தாள். பை வாய் பிளந்தது. உள்ளே தோல் தெரியவில்லை. சாம்பலும் பச்சையும் கறுப்புமாக ரோமம் அடர்ந்தமாதிரி பூஞ்சை. மழையில் நனைந்து மூலையில் கிடந்த சாக்கின் நாற்றம்.

ஊதும் மூச்சின் ஈரமெல்லாம் உள்ளேயே தங்கிவிட்டது. ஊதிவிட்டு அவர் மூச்சை இழுத்தபோதெல்லாம் இந்தத் தூள் கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்குள் போயிருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார். ஆரம்பத்திலேயே நிறுத்தியிருந்தால் சரியாகியிருக்கும். இப்போது நுரையீரல் காய்ந்த தோல்மாதிரி இறுகிவிட்டது, இனி இளகாது. அவரிடம் நான் பேசுகிறேன் என்றார். அவள் வேண்டாம் என்றாள்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னாள். பைக்குள் பார்த்ததைச் சொன்னாள். வேலையை விடவைத்தது தான் என்பதையும், மடியில் எடுத்து வைத்தது தான் என்பதையும் சொன்னாள். அவன் ஆக்ஸிஜன் மாஸ்க்கை இறக்கினான்.

"அப்ப பெயிண்ட் பாவம். அதைப் போட்டு எவ்வளவு திட்டினோம்."

அவனுக்கு அடுத்த பேச்சுக்கு மூச்சுச் சேர வெகு நேரம் ஆயிற்று.

"நல்ல தையல்மா அது. ஒரு எடத்துலகூடக் காத்து போகல."

ஆறுதலுக்குத்தான் சொன்னான். அவள் எழுந்து, வெளியே தண்ணீர்க் குழாயடியில் போய் நின்றாள். குழாயைத் திறந்துவிட்டு, குடிக்காமலும் மூடாமலும் நின்றாள்.

அன்று சாயங்காலமே வாத்தியார் வீட்டுக்குப் போனாள். பையைக் கொடுங்கள், அறுத்துப் பார்க்க வேண்டும் என்றாள். வாத்தியார் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நான் வாரம் ஒருமுறைதான் வாசிக்கிறேன், இருமலும் இல்லை, சளியும் இல்லை, நீங்கள் மனசு நொந்து வந்திருக்கிறீர்கள் என்று இதமாகப் பேசினார். அவளுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. திரும்பி வந்துவிட்டாள்.

மழைக்காலம் முடியும் முன்பே பெயிண்டர் போய்விட்டான். கடைசி நாட்களில் பேச்சு இல்லை. விரல்கள் மட்டும் போர்வையின் மேல் குழலின் துளைகளைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன.

சாவுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுக் கூட்டம் முழுவதும் வந்தது. வாத்தியாரின் கக்கத்தில் பைக்குழல் இருந்தது. அவள் பிணத்தின் பக்கத்திலிருந்து எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"சார், அது உள்ள வர வேண்டாம்."

அதுதானே அவன் உசிரு, அதைக் கேட்காமல் என் தம்பி போக வேண்டுமா என்று நாத்தனார் அழுதுகொண்டே அவளைத் திட்டினாள். அவள் நகரவில்லை, கையை மட்டும் நீட்டினாள். வாத்தியார் அவள் முகத்தைப் பார்த்தார். பையை அந்தக் கையில் வைத்துவிட்டு உள்ளே போனார். அவர்கள் வெறும் வாயால் பாடினார்கள். அடியில் சுருதி இல்லாததால் குரல்கள் இடையிடையே நழுவின.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, கடையில் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது, அந்தப் பையை மேஜைமேல் போட்டு அறுத்தாள். உள்ளே அதேதான். இன்னும் அடர்த்தியாகவில்லை, தையலோரம் மட்டும் சாம்பல் பூத்திருந்தது. அப்படியே ஒரு பிளாஸ்டிக் கவரில் சுருட்டி, வாத்தியார் கையில் கொடுத்து, டாக்டரம்மாவின் பெயரைச் சொன்னாள். அவர் அன்றைக்கே போனார். படம் எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள், நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூடத்தில் பாடிக்கொண்டிருக்கிறார்.

அவர் குடும்பத்தோடு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். நீங்கள்தான் என்னைக் காப்பாற்றினீர்கள் என்றார். நல்லது சார் என்றாள் அவள். அந்தக் காரை இவர் வேறு எந்தப் பட்டறைக்காவது கொண்டு போயிருக்கக் கூடாதா என்று நினைத்தாள். நினைத்ததற்காக வெட்கப்பட்டு, அவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள்.