வட்டிலப்பக் கடன்

வட்டி வாங்குகிறவன் பாவி என்று ஊரே சொல்கிறது. சரி, ஒத்துக்கொள்கிறேன். வட்டியே வாங்காமல் என் வீட்டு முட்டையை எல்லாம் தின்று தீர்த்த மனிதருக்கு என்ன பேர் வைப்பது? அதை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

அந்த மனிதர் சேக் காக்கா. வயதில் மூத்த ஆண்களைக் காக்கா என்பது எங்கள் ஊர் வழக்கம். என் வீட்டுக்காரர் அஃப்ஸலின் அக்கா ஸாலிஹா ராத்தாவைக் கட்டியவர். காயல்பட்டினத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. அவர் வீடு என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளைதான் வந்து சேருவார். அது ஸாலிஹா ராத்தாவின் வீடு. இது என் வாப்பா எனக்குக் கொடுத்த வீடு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்த வீட்டு மாடியும் தனக்குப் பாத்தியப்பட்டது என்றே காக்கா நினைத்துக்கொண்டிருந்தார்.

அஃப்ஸல் தூத்துக்குடியில் ஒருவனோடு கூட்டுச் சேர்ந்து ரெடிமேட் கடை போட்டார். பெருநாள் வியாபாரத்துக்கென்று கடனுக்குச் சரக்கு எடுத்து நிரப்பிய நேரம் ஊரடங்கு வந்தது. கடை மூடியே கிடந்தது. கூட்டாளி கையை விரித்துவிட்டுப் போய்விட்டான். சரக்குக் கொடுத்தவர்கள் என் வாசலில் வந்து நின்றார்கள். அப்போது நான்கு லட்சத்தை எடுத்து நீட்டியவர் சேக் காக்காதான். "வட்டி ஹராம் மாப்ள. இது அழகிய கடன். மெல்லக் குடு" என்றார். அவர் அன்றைக்குக் கொடுக்காவிட்டால் நாங்கள் தெருவில்தான் நின்றிருப்போம். அதை நான் மறக்கவில்லை. மறக்க அவர் விடவும் இல்லை.

அஃப்ஸல் சவூதியில், தம்மாமில் ஒரு சூப்பர் மார்க்கெட் குடோனில் வேலைக்குப் போனார். அப்போது உஸாமா என் வயிற்றில். "கடன் அடையாம ஊர்ல கால் வைக்க மாட்டேன் புள்ள" என்று சொல்லிவிட்டுப் போனார். லீவில் வந்தால் சும்மா வர முடியுமா? டிக்கெட், சொந்தக்காரர்களுக்குச் சென்ட், சோப்பு, சாக்லேட், கம்பளி என்று ஒரு லட்சம் பறந்துவிடும். அதனால் வரவே இல்லை. பிள்ளை பிறந்து, தவழ்ந்து, நடந்து, பேசவும் ஆரம்பித்துவிட்டது. வாப்பா எங்கே என்று கேட்டால் உஸாமா ஓடிப்போய் போனை எடுத்து வருவான். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு நெஞ்சு எரியும்.

மாதம் இருபத்தைந்தாயிரம் வரும். கல்யாணப் பத்திரிகை வருகிற கவர்களை நான் கிழிப்பதில்லை, அடுக்கி வைத்திருப்பேன். பணம் வந்த அன்றைக்கே பிரித்துப் போட்டுவிடுவேன். மளிகைக்கு ஒரு கவர், மீனுக்கு ஒன்று, கரண்டுக்கும் கேஸுக்கும் ஒன்று, மகள் ஜஹ்ராவின் ஸ்கூலுக்கு ஒன்று, காய்ச்சல் தலைவலிக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் முன்னால் காக்கா கவர். அதில் பத்தாயிரம் விழுந்த பிறகுதான் மற்றவை வாயைத் திறக்கலாம்.

மீதியில் குடும்பம் நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். சீலா மீன் வாங்குவதை விட்டேன். சாளையும் நெத்திலியும்தான். சாளை விலை ஏறிய நாளில் முருங்கைக்கீரை. ஜஹ்ராவை ஸ்கூல் வேனிலிருந்து நிறுத்தி நடக்க வைத்தேன். நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சியை வாங்கி இரண்டு வேளைக்கு வைத்துக்கொண்டேன். பெருநாளைக்குப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு உடுப்பு, எனக்குப் பழைய சேலைக்கு இஸ்திரி. ஒரு கவரிலிருந்து இன்னொரு கவருக்குக் கை போகக் கூடாது என்று நானே எனக்குச் சட்டம் போட்டிருந்தேன்.

அந்தச் சட்டத்தை உடைத்தது வட்டிலப்பம்.

முதல் மாதம் பணம் கொடுக்கப் போனபோது வெறுங்கையோடு போகக் கூடாதென்று நான்தான் முட்டையும் தேங்காய்ப்பாலும் சீனியும் கலந்து அவிக்கிற வட்டிலப்பம் கொஞ்சம் செய்து கொண்டுபோனேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான். காக்கா தின்றுவிட்டு, "பதுருன்னிஸா கைப்பக்குவம் யாருக்கும் வராது" என்று சொல்லி அனுப்பினார். அடுத்த மாதம் அவருக்குக் கொழும்பிலிருந்து விருந்தாளி வந்தார்கள். "அஃப்ஸல் வீட்டுல சொல்லிருங்க" என்று தகவல் வந்தது. அதற்கடுத்து சென்னை விருந்தாளி. அப்புறம் சுன்னத்து, பெயர் வைப்பு, வீடு குடிபோதல், யாரோ ஹஜ்ஜுக்குப் போகிறார்கள், யாரோ ஹஜ்ஜிலிருந்து வருகிறார்கள். எல்லாவற்றுக்கும் வட்டிலப்பம், எல்லாம் என் அடுப்பில். ஒரு சட்டிக்குப் பதினைந்து முட்டை, இரண்டு தேங்காய், சீனி, ஏலக்காய், மேலே தூவ முந்திரி. இதற்கு என்னிடம் கவர் கிடையாது. மீன் கவரில்தான் கையை வைத்தேன். அவர் விருந்தாளி வட்டிலப்பம் தின்ற வாரமெல்லாம் என் பிள்ளைகள் ரசம் ஊற்றித் தின்றார்கள்.

அத்தோடு விட்டாரா? விருந்தாளிகள் படுக்க என் மாடி. அவர்கள் ஓட்டிய ஏ.சி.க்கு என் கரண்டு பில். "நம்ம குடும்பம்தானே" என்று ஒரு சொல். அதற்கப்புறம் நான் எப்படி வாயைத் திறப்பது?

இது பற்றாதென்று ஊரெல்லாம் ஒரு பேச்சு. பள்ளிவாசலில், டீக்கடையில், கல்யாணப் பந்தியில், எங்கே நாலு பேர் கூடினாலும் அஃப்ஸல் பேச்சை இழுத்து, "அஞ்சு பைசா வட்டி வாங்கலியே" என்பார். கேட்டவர்கள் மாஷா அல்லாஹ் என்பார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று சும்மாவா சொன்னார்கள்? இங்கே நெய்யும் என்னுடையது, கையும் என்னுடையது, பேர் மட்டும் அவருக்கு.

அஃப்ஸலிடம் போனில் சண்டை போட்டேன்.

"மச்சான், இது வட்டி இல்லாம வேற என்ன? காசா வாங்குனாத்தான் வட்டியா? முட்டையா வாங்குனா வட்டி இல்லியா?"

"கொஞ்சம் பொறுத்துக்கோ புள்ள. உப்பிட்டவங்கள உள்ளளவும் நினைக்கணும்."

"உப்பு அவங்க போட்டாங்க, சரி. அதுக்கு மேல உள்ளத எல்லாம் நான்தானே போடுதேன்?"

அங்கே குடோனில் மூட்டை தூக்கிக் களைத்த மனிதரிடம் அதற்குமேல் என்ன சொல்ல? போனை வைத்துவிட்டுத் தேங்காய் துருவப் போனேன். அன்றைக்கும் ஒரு ஆர்டர் இருந்தது.

அப்படியே மூன்று வருஷத்துக்கு மேல் ஓடி, கடைசிப் பத்தாயிரம் வந்து நின்றது. அந்த மாதம் காக்கா கவரில் பணத்தைப் போட்டு அலமாரியில் வைத்தேன். இதைக் கொடுத்துவிட்டால் அடுத்த மாதத்திலிருந்து அதே பத்தாயிரம் டிக்கெட்டுக்கு. பிள்ளை வாப்பாவைத் தொட்டுப் பார்ப்பான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து காக்காவே வந்தார். கூடவே தெருவில் பெரிய மனிதரான ஒரு ஹாஜியாரையும் கூட்டி வந்திருந்தார். முன்கட்டில் இருவரும் உட்கார்ந்தார்கள். எங்கள் வழக்கப்படி நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்று டீயை அந்தப் பக்கம் நகர்த்தினேன். அஃப்ஸலுக்கும் வெள்ளி லீவு. அவர் வீடியோவில் இருந்தார், போன் உஸாமா கையில். காக்கா பிள்ளையை மடியில் இழுத்துக்கொண்டு போனைப் பார்த்துப் பேசினார்.

"மாப்ள, கடைசி பத்தாயிரம் பாக்கி இருக்குல்லா. அத நான் அல்லாஹ்வுக்காக விட்டுட்டேன். ஹாஜியார் சாட்சி."

ஹாஜியார் உருகிப்போனார். போனில் அஃப்ஸல் அழுதேவிட்டார். "காக்கா, இத நான் மவுத்து வரைக்கும் மறக்க மாட்டேன்" என்றார். திரைக்குப் பின்னால் நானும் ஒரு நிமிஷம் கண்ணைத் துடைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், அந்த ஒரு நிமிஷம் இந்த மனிதரை இவ்வளவு நாள் தப்பாக நினைத்துவிட்டோமே என்று இருந்தது.

காக்கா டீயை உறிஞ்சினார்.

"அப்புறம் மாப்ள, சின்ன மவ கல்யாணம் அடுத்த மாசம் வருதுல்லா. ஐநூறு பேருக்கு வட்டிலப்பம். வெளிய குடுத்தா நல்லா இருக்காது, நம்ம பதுருன்னிஸாதான் செய்யணும். வெளியூர்ல இருந்து வார ஆளுகளுக்கு உங்க மாடி பத்து நாளைக்கு வேணும்."

"அதுக்கென்ன காக்கா, செஞ்சிருவா" என்றார் அஃப்ஸல்.

செஞ்சிருவாளாம். திரைக்குப் பின்னால் நின்றபடியே நான் கூட்டினேன். ஐநூறு முட்டை, எழுபது தேங்காய், சீனி, முந்திரி, ஏலக்காய், கேஸ். எப்படித் தட்டிக் கூட்டினாலும் அதே பத்தாயிரத்தில் வந்து நின்றது. ஒரு கையால் அல்லாஹ்வுக்கு விட்டதை மறு கையால் என்னிடம் வாங்கிக்கொண்டார். அது கூடப் போகட்டும். அடைத்த கடனுக்காவது ஒரு முடிவு உண்டு. மன்னித்த கடனுக்கு முடிவே கிடையாது. இனி நான் சாகிற வரைக்கும் அந்தப் பத்தாயிரத்துக்கு வட்டிலப்பம் அவித்துக்கொண்டே இருக்க வேண்டும். எனக்கப்புறம் ஜஹ்ரா அவிப்பாள்.

அலமாரியைத் திறந்து கவரை எடுத்தேன். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு திரையை விலக்கி முன்கட்டுக்குப் போனேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் முன்னால் நான் அப்படிப் போய் நின்றதில்லை. ஹாஜியார் சட்டென்று தரையைப் பார்த்தார். டீ கிளாஸுக்குப் பக்கத்தில் கவரை வைத்தேன்.

"எண்ணிப் பாருங்க காக்கா."

"அதத்தான் விட்டுட்டேன்னு சொல்லிட்டேன்ல புள்ள."

"நீங்க விட்டுட்டீங்க. நான் விடல."

"பதுரு" என்றார் அஃப்ஸல் போனுக்குள்ளிருந்து. நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஹாஜியார் மெதுவாகச் சொன்னார்: "ஒருத்தர் நன்மை செய்யும்போது தட்டக் கூடாதும்மா."

"நன்மை அவங்களுக்கு ஹாஜியார். முட்டை என்னுது."

அவருக்கு விளங்கவில்லை. விளங்கும்படி சொன்னேன். கொழும்பு விருந்தாளி, சென்னை விருந்தாளி, சுன்னத்து, ஹஜ்ஜு, மாடி, ஏ.சி. எல்லாவற்றையும் சொன்னேன். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தினால் அழுதுவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

"நாலு லட்சம் குடுத்தது நீங்கதான் காக்கா. அந்த நன்றி நான் மண்ணுக்குள்ள போற வரைக்கும் இருக்கும். ஆனா வட்டி வாங்கலன்னு மட்டும் இனிமே எங்கயும் சொல்லாதீங்க. என் புள்ளைகளுக்கு மீன் இல்லாம உங்க வீட்டுக்கு வட்டிலப்பம் வந்துச்சு. அதுக்கு மார்க்கத்துல என்ன பேருன்னு ஹாஜியார்கிட்டயே கேளுங்க."

ஹாஜியாரிடம் யாரும் கேட்கவில்லை. அவர் டீயையும் தொடவில்லை.

"அப்போ கல்யாணத்துக்கு செய்ய மாட்டியா?" என்றார் காக்கா. முகம் கறுத்துவிட்டது.

"செய்வேன். சாமான் எல்லாம் நீங்க வாங்கித் தரணும். முட்டைக்கு அஞ்சு ரூவா கூலி. மாடி மட்டும் காலி இல்ல. எங்க மச்சான் ஊருக்கு வாராங்க."

உஸாமா மடியிலிருந்து இறங்கி போனைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். காக்கா கவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை எடுத்தார். விரலை நாக்கில் தொட்டுக்கொண்டு நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினார். அல்லாஹ்வுக்காக விட்ட பணத்தை ஹாஜியார் முன்னாலேயே எண்ணினார், ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை.

"சரியா இருக்கு" என்றார்.

"முடிஞ்சிட்டுன்னு சொல்லுங்க காக்கா. ஹாஜியார் சாட்சி."

"முடிஞ்சிட்டு" என்று சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டார்.

அவர்கள் போன பிறகும் அஃப்ஸல் போனை வைக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஊர் முழுக்க இன்றைக்கே பரவிவிடும், ராத்தா என்ன நினைப்பாள், கல்யாண மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள் என்றெல்லாம் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

"இவ்வளவும் நடந்துருக்கு. நீ சொல்லும்போது நான் காதுலயே வாங்கலியே புள்ள."

"இப்பவாவது வாங்குனீங்களே."

"லீவு எழுதிக் குடுக்கவா?"

போனைப் பார்த்துத் தலையை ஆட்டினேன்.

மறுநாள் சாயந்திரம் பெண்கள் போகிற முடுக்கு வழியாக ஸாலிஹா ராத்தா வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று நான் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டேன். அவள் வந்து அடுக்களையில் உட்கார்ந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஆயிரம் ரூபாய் அட்வான்ஸை என் முன்னால் வைத்தாள்.

"முட்டையும் தேங்காயும் முந்தின நாளே இறக்கிருவோம்ளா" என்றாள். கொஞ்சம் தயங்கினாள். "அவங்க கேட்டுட்டு வரச் சொன்னாங்க. கூலி முட்டைக்கு அஞ்சு ரூவான்னியே, நம்ம குடும்பந்தானே, கொஞ்சம் கொறைக்க முடியுமான்னு."

நான் அட்வான்ஸை எடுத்துப் புதுக் கவர் ஒன்றில் போட்டேன். மேலே டிக்கெட் என்று எழுதினேன்.

"அஞ்சு பைசா கொறையாது ராத்தா" என்றேன்.