முதல் ஹீட்டில் என் தங்கை

நடுவரின் அறையில் அன்று இருந்தவர்கள் ஆறு பேர். என் தங்கை, ஈர நீச்சல் உடையின் மேல் துண்டைப் போர்த்திக்கொண்டு. அவள் கணவர், எங்கள் வீட்டு மாப்பிள்ளை, லிஃப்ட் பழுது பார்ப்பவர். எழுபத்தொரு வயதான தையல்கார அம்மா. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவருடைய மகள். நடுவர், பணி ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை. ஆறாவது ஆள் நான். கதவு சாத்தியிருந்தது. தாங்களும் இருந்ததாகச் சொல்லிக்கொள்ளும் மற்றவர்கள் வெளியே பெஞ்சில் தலை துவட்டிக்கொண்டிருந்தவர்கள்.

எங்கள் குடும்பத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் தம்மைத் தாமே உயர்த்திப் பேசியது கிடையாது. என் அப்பா பள்ளியிலேயே முதலாவதாக வந்தவர். கேட்டவர்களிடம் "ஏதோ பாஸ் பண்ணேன்" என்பார். இரண்டு மாடி வீட்டைக் கட்டி முடித்துவிட்டு, பார்க்க வந்தவர்களிடம் "ஏதோ ஒதுங்க ஒரு இடம்" என்றார். நான் பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்து மூன்று ஆண்டு வேலை பார்த்துப் பதிவாளராக ஓய்வு பெற்றவன். யாராவது விசாரித்தால் "ஆபீஸ்ல எழுத்து வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். இது நடிப்பல்ல, வளர்ப்பு.

என் தங்கைக்கு அறுபத்து மூன்று வயது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்தாள். வருடக்கணக்காக ஈயக் கவசத்தைத் தோளில் சுமந்ததில் முதுகு போய்விட்டது. நீந்தினால்தான் நடக்க முடியும் என்று டாக்டர் சொன்ன பிறகு, ஐம்பத்தெட்டாவது வயதில் தண்ணீரில் இறங்கினாள். இன்று கைத்தடி இல்லாமல் நடக்கிறாள். நீச்சல் குளத்தை ஒரு வாரம் மூடினால் போதும், முதுகு வலியும் எரிச்சலுமாக வீட்டில் பாத்திரங்களெல்லாம் பேச ஆரம்பித்துவிடும் என்பார் மாப்பிள்ளை.

வாரம் இரண்டு நாள் அவள் நீந்தும்போது கரையில் ஸ்டாப்வாட்ச்சுடன் நிற்பவன் நான். இருநூறு மீட்டரை அவள் எவ்வளவு நேரத்தில் கடப்பாள் என்பது எனக்குத் தெரியும். நான்கு நிமிடம் முப்பத்தெட்டு வினாடி. உடம்பு சரியில்லாத நாளில்கூட நான்கு நாற்பத்தைந்தைத் தாண்டியதில்லை.

முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான இருநூறு மீட்டர் போட்டி ஒன்றை நீச்சல் சங்கம் அறிவித்தது. கலந்துகொள்பவர்கள் தங்கள் நேரத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்து, ஏறக்குறைய ஒரே வேகத்தில் நீந்துபவர்களை, ஆண் பெண் என்று பிரிக்காமல், ஆறு ஆறு பேராகச் சேர்ப்பார்கள். அதை ஹீட் என்கிறார்கள். மிக மெதுவானவர்கள் முதல் ஹீட், மிக வேகமானவர்கள் கடைசி. ஒவ்வொரு ஹீட்டிலும் முதலில் வருபவருக்கு ஒரு கப் உண்டு. மெதுவாக நீந்துபவர்களுக்கும் ஜெயிக்க ஒரு வாய்ப்பு இருக்க வேண்டும் என்பதற்காக.

எங்கள் வீட்டு விண்ணப்பங்களையெல்லாம் நிரப்புவது நான்தான். "உங்கள் நேரம்" என்ற கட்டத்தில் ஆறு நிமிடம் என்று எழுதினேன். யோசிக்கவே இல்லை. நான்கு முப்பத்தெட்டு என்று போட்டால் தம்பட்டம் அடிப்பது போல இருக்கும். அவள் நீந்தட்டும், பார்ப்பவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். நான் எழுதியதை எங்கள் வீட்டில் யாரும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதில்லை.

மாப்பிள்ளை தன்னுடையதைத் தானே எழுதிக்கொண்டார். நான்கு நிமிடத்துக்குக் குறைந்து வந்ததே இல்லாத மனிதர் மூன்று நிமிடம் பத்து என்று போட்டார். "வேகமானவனுங்க பக்கத்துல நின்னா நமக்கும் ஒட்டிக்கும் மச்சான்" என்றார். அதை நான் கண்டித்தேன். பெருமைக்குப் பொய் எழுதக் கூடாது என்று அவரிடம் சொன்ன நினைவு இருக்கிறது.

போட்டியன்று சுவரில் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். தங்கை அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"என்னண்ணா, என்னை முதல் ஹீட்டுல போட்டிருக்காங்க? ஏதோ தப்பு நடந்திருக்கு. போய் ஒரு வார்த்தை கேக்கட்டுமா?"

"போட்ட இடத்துல நீந்து. எனக்கு அந்த இடம் வேணும், இந்த இடம் வேணும்னு போய் நிக்கிற பழக்கம் நமக்குக் கிடையாது."

அவள் தொப்பியை மாட்டிக்கொண்டு போனாள்.

அவளுக்கு மூன்றாவது தடம். நான்காவது தடத்தில் தையல்கார அம்மா. விசில் ஊதியதும் ஆறு பேரும் தண்ணீரில் விழுந்தார்கள். முதல் திருப்பத்திலேயே என் தங்கை தனியாகத் தெரிந்தாள். பார்த்தவர்கள் கைதட்டினார்கள். குளத்தின் மூன்றாவது நீளத்தில் கைதட்டல் குறைந்தது. நான்காவதில் நின்றே போனது. தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் தையல்கார அம்மா நடுக்குளத்தில் நின்றுவிட்டார். தடத்துக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, திரும்பி, தண்ணீருக்குள் தம் கால்களைப் பார்த்தார். மூச்சு வாங்குகிறது போலும் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி நீந்தினார். எல்லோருக்கும் கடைசியாக வந்து சேர்ந்தார்.

என் தங்கை நான்கு நிமிடம் முப்பத்தாறு. நான் கைதட்டவில்லை. நம்மவர்களுக்கு நாமே கைதட்டுவது எங்கள் வழக்கமல்ல. ஸ்டாப்வாட்ச்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் ஒருவர், "இந்தம்மா எதுக்கு இங்க வந்தாங்க?" என்றார். அதைக்கூடப் பாராட்டு என்றே நினைத்தேன்.

பத்து நிமிடத்தில் எங்களை உள்ளே அழைத்தார்கள்.

நடுவர் விண்ணப்பத்தை மேசையில் திருப்பி வைத்தார். "நீங்க வந்தது நாலு முப்பத்தாறு. இதுல இருக்கிறது ஆறு நிமிஷம். என்னம்மா இது?"

என் தங்கை குனிந்து பார்த்தாள். அந்த எண்ணை அவள் பார்ப்பது அதுவே முதல் தடவை. அதை எழுதிய கை யாருடையது என்பது அவளுக்குத் தெரியும். என் பக்கம் திரும்பவே இல்லை.

"கப் அவ்வளவு ஆசையா இருந்தா கடையில ஒண்ணு வாங்கி அலமாரியில வெச்சுக்கலாமே" என்றாள் தையல்கார அம்மாவின் மகள். "எதுக்கு எங்கம்மாவோட வந்து மோதணும்?"

"பாத்துப் பேசும்மா" என்றேன். "கப்புக்கு அலையறவங்க எங்க குடும்பத்துல யாரும் கிடையாது."

"அப்ப எதுக்கு சார் ஆறு நிமிஷம்?"

"அது அடக்கம்."

நடுவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். புரியாமல் பார்த்தார். "அடக்கமா? சார், எங்க விதிப்புத்தகத்துல இதுக்குப் பேரு பொய் நேரம்."

பொய் என்ற சொல்லை என் முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. காதுக்குள் குளத்துத் தண்ணீர் புகுந்தது போல அடைத்துக்கொண்டது. நடுவர் தொடர்ந்து படித்தது தூரத்தில் கேட்டது. பொய் நேரம் கொடுத்தால் முடிவு ரத்து. நீந்துபவரே அறிந்து எழுதியிருந்தால், ஓராண்டுக்குச் சங்கத்திலிருந்து நீக்கம். குளத்துக்குள்ளும் வர முடியாது.

"உங்களை எனக்குத் தெரியும் சார்" என்றாள் அந்த மகள். "எங்க வீட்டுப் பத்திரத்தை ரெண்டு தடவை திருப்பி அனுப்பினது நீங்கதானே? எங்கப்பா 'ஏதோ சின்ன வீடு சார்'னு சொன்னாரு. 'இருக்கிறதைக் குறைச்சுக் காட்டுறதும் பொய்தான்யா'ன்னு நீங்க எல்லார் முன்னாடியும் கத்தினீங்க."

எனக்கு அந்த வீடும் நினைவில்லை, அந்த மனிதரும் நினைவில்லை. ஆனால் அது என் வாக்கியம்தான். நூறு பேரிடமாவது சொல்லியிருப்பேன்.

மாப்பிள்ளைக்கு அமைதி பிடிக்காது. "மேடம், நான் எழுதிக் கொடுத்த டைமையும் இவ ஃபாரத்துல இருக்கிற டைமையும் கூட்டி ரெண்டால வகுத்துப் பாருங்க. குடும்பமா நாங்க கரெக்டாதான் இருக்கோம்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அதுவரை பேசாதிருந்த தையல்கார அம்மா அப்போது பேசினார். குரலை உயர்த்தவே இல்லை.

"எனக்கு இடுப்பெலும்பு உடைஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு. இடது கால் திடீர்னு மரத்துப் போகும். எட்டு மாசமா பழகினேன். எல்லாரும் என்னை மாதிரிதான், ஆறு நிமிஷக்காரங்கன்னு சொன்னாங்க. பக்கத்து லேன்ல பாத்தேன், இந்தம்மா காணாமப் போயிட்டாங்க. அவங்க வேகமாப் போறாங்கன்னு எனக்குத் தோணலை. நான்தான் நகரலைன்னு நெனச்சேன். கால் மறுபடி போயிடுச்சுன்னு நெனச்சேன். அதான் நின்னு, கால் இருக்கான்னு பாத்தேன்."

அவர் நின்ற காட்சி என் கண்ணுக்குள் மறுபடி வந்தது. மூச்சு வாங்குகிறது என்று நினைத்தேனே, அந்தக் காட்சி.

"இதை யார் எழுதினது?" என்று நடுவர் கேட்டார்.

"நான்தான்" என்றாள் என் தங்கை.

அது எனக்கு அடுத்த அடி. குளம் இல்லாமல் அவள் முதுகு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தே சொன்னாள். அந்நியர் நடுவில் அண்ணன் தலை குனியக் கூடாது என்பதற்காகச் சொன்னாள். அவளை அப்படி வளர்த்ததும் நாங்கள்தான். நான் உடனே வாய் திறக்கவில்லை. இதையும் எழுத வேண்டும். நடுவர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றும் வரை நான் பேசாமல் இருந்தேன். அந்த நேரத்தில், அவள் சொன்னதே இருந்துவிட்டுப் போகட்டும் என்று என் மனசு ஒரு கணம் சாய்ந்தது.

"மச்சான்" என்றார் மாப்பிள்ளை. அந்த ஒரு சொல்தான். அதில் விளையாட்டு இல்லை.

"எழுதினது நான்" என்றேன். "அவ பாக்கவே இல்லை. கையெழுத்து மட்டும்தான் அவளோடது."

"அண்ணா சும்மா சொல்றாரு மேடம்."

நடுவர் பேனாவை நிறுத்தினார். "தங்கச்சியைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றீங்களா சார்?"

அந்தப் பேனாவைக் கேட்டு வாங்கி, விண்ணப்பத்தின் அடியில் 'ஆறு நிமிடம்' என்று எழுதிக் காட்டினேன். எழுத்தில் ஒரு சுழிகூட மாறவில்லை. முப்பத்து மூன்று வருடப் பதிவேட்டு எழுத்து அது. நடுவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, நீக்கம் எதுவும் போடாமல் தங்கையின் முடிவை மட்டும் சிவப்பு மையால் அடித்தார். "இனிமே உங்க கையெழுத்துல ஃபாரம் வந்தா நாங்க வாங்க மாட்டோம் சார்" என்றார். சரி என்றேன்.

கப் இரண்டாவதாக வந்த ஒரு தபால்காரருக்குப் போனது. தையல்கார அம்மாவுக்கு எதுவும் கிடைக்கவில்லை. கடைசியாக வந்தவருக்குக் கொடுக்க ஒன்றுமில்லை. அவருக்கு இன்னொரு முறை நீந்த வாய்ப்புத் தரலாமா என்று கேட்டேன். அப்படி ஒரு விதி இல்லை என்றார் நடுவர். நான் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டேன். தையல்கார அம்மா என்னைப் பார்க்கவில்லை. வாசலில் நின்று என் தங்கையிடம், "நீ நல்லா நீஞ்சறம்மா. ஆனா எங்கூட வேணாம்" என்று சொல்லிவிட்டு மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு போனார்.

வீட்டுக்கு வரும் வழியில் தங்கை, "நாலு முப்பத்தாறு" என்றாள். "இதுவரைக்கும் நான் நீந்தினதுலயே நல்ல டைம் அதான். இப்ப அது எங்கயும் பதிவாகியிருக்காது, இல்லண்ணா?"

இல்லை என்றேன்.

தவறு செய்தது தங்கை என்றும், குடும்ப மானத்துக்காக அந்தப் பழியை அண்ணன் தன் தலையில் போட்டுக்கொண்டான் என்றும் சங்கத்தில் பேசிக்கொள்கிறார்கள். சிலர் என் கையைப் பிடித்துப் பாராட்டவும் செய்தார்கள். அது உண்மையல்ல. அந்த எண்ணை எழுதியவன் நான். அவள் அதைப் பார்க்கவே இல்லை.