வடசுவரின் வயது

இரண்டு மணிக்குச் சுண்ணாம்புக் கலவை வண்டி வந்துவிடும். அதற்குள் ஆலயத்தின் உள்ளே வடசுவரின் அடியில் தோண்டிய பள்ளத்தைப் பார்த்து, அளந்து, மூடலாம் என்று தொல்லியலாளர் ரோசமண்ட் பாஸ்க் சொல்லிவிட வேண்டும். வெந்நீர்க் குழாய் பதிக்கத்தான் பள்ளம். நார்ஃபோக்கின் ஆல்டர்தோர்ப் ஆலயத்தில் சபையார் குளிர்காலம் முழுவதும் கோட்டைக் கழற்றாமலே ஜெபம் செய்து வந்தார்கள். இனிக் கழற்றலாம்.

பன்னிரண்டே முக்காலுக்கு அவள் கரணை வழவழப்பான எதிலோ உரசியது.

சிக்கிமுக்கிக் கல் அப்படி உரசாது. தூரிகையால் மண்ணை விலக்கினாள். வெளிறிய சுண்ணாம்புக் கல். அதில் புடைப்பாக ஒரு சிலுவைத் தண்டு. தண்டின் நடுவே இருபுறமும் ஆட்டுக்கொம்பு போல வெளியே சுருண்ட வளைவுகள். ஒரு கல்லறை மூடியின் உடைந்த பாதி. அதன் மேல்தான் வடசுவர் உட்கார்ந்திருந்தது.

அந்த வளைவை ஆயிரத்து இருநூறுகளில் செதுக்கினார்கள். அதற்கு முன்னால் யாரும் செதுக்கவில்லை. அடியில் கிடப்பது மூத்தது, மேலே நிற்பது இளையது. இந்தத் தொழிலில் முதல் நாள் கற்பது அதுதான்.

அந்தச் சுவருக்கு ஆயிரம் வயது என்று ஊருக்கும் உலகுக்கும் சொன்னவள் ரோசமண்ட். உள்ளேயும் வெளியேயும் அகன்று நடுவில் கழுத்துப்போல் ஒடுங்கும் வட்டச் சன்னல் ஒன்று மேலே இருந்தது. 1066இல் நார்மன்கள் படையெடுத்து வருமுன் வைத்த சன்னல். அதைச் சாட்சியாக வைத்துப் புத்தகம் எழுதினாள். பட்டமும் வேலையும் பெயரும் அந்தச் சன்னல் வழியாகத்தான் வந்தன. வரும் ஞாயிறு ஆயிரமாண்டு ஆராதனை. பேராயர் வருகிறார்.

"என்னம்மணி, புதையலா?" கொத்தனார் பார்னி அட்டிங் வாசலிலிருந்து கேட்டான்.

"உடைஞ்ச கல்லு."

"கல்லு இல்லாத இடத்தைக் காட்டுனாத்தான் இந்த ஊர்ல புதையல்."

அவன் சிரித்துவிட்டுப் போனான். தன் இடது கை கொம்பு வளைவின் மேல் விரிந்து கிடப்பதை ரோசமண்ட் அப்போதுதான் பார்த்தாள். எப்போது மூடினாள்? தெரியவில்லை. மூளைக்கு முன்னால் கை பொய் சொல்லியிருந்தது.

உடனே ஒரு வழி தோன்றியது. பழைய சுவர் இறங்கியிருக்கலாம். முட்டுக்கொடுக்கப் பிற்காலத்தில் இந்தக் கல்லை அடியில் செருகியிருக்கலாம். அப்படியானால் கல்தான் இளையது, சுவர் தப்பியது. செருகிய கல் என்றால் அதற்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கும். வேறு சாந்து திணித்த வடு இருக்கும். விளக்கை நெருக்கிப் பிடித்துக் கத்தி முனையால் சுரண்டினாள். ஒரு சாண், இரண்டு சாண். கோடு இல்லை. ஒரே சாந்து, மூடிக்கல்லின் முதுகில் தொடங்கிச் சிக்கிமுக்கிக் கற்களைக் கவ்வியபடி இடைவெளியின்றி மேலே ஏறியது. கல்லைக் கிடத்திய கையே சுவரையும் எழுப்பியிருந்தது. பழைய சுவரை இடித்தவர்கள் சன்னலை மட்டும் பத்திரமாய்க் கழற்றி, புதுச் சுவரில் பதித்திருக்கிறார்கள். எழுநூற்றைம்பது வருஷம் கழித்து வந்து ஏமாந்தவள் அவள்.

இதையே ஒருத்தி முன்பே சொல்லியிருந்தாள்.

அந்த ஒருத்தி இப்போது தேநீர்க் கோப்பையோடு நடைபாதையில் வந்துகொண்டிருந்தாள். மியூரியல் தர்ட்டில், ஆலயத்தைப் பராமரிக்கும் வார்டன். இருபத்தைந்து வருஷத்துக்கு முன், ஊர்க் கூட்டத்தில் எழுந்து, வடசுவரும் தென்சுவரும் ஒரே தடிமன், ஆகவே ஒரே வயது, சன்னல்தான் பழசு என்றாள். "சுவரைப் படிக்கறது ஸ்வெட்டர்ல கண்ணி எண்ணற மாதிரி இல்லைங்க" என்று மேடையிலிருந்து ரோசமண்ட் பதில் சொன்னாள். கூடம் சிரித்தது. அந்தச் சிரிப்பை அன்று அவள் ரசித்தாள்.

"சர்க்கரை போடல டாக்டர். நீங்களே இனிப்புத்தானே," என்றபடி மியூரியல் பள்ளத்தில் எட்டிப் பார்த்தாள். முகம் மாறவில்லை. "ஓ. அது இன்னும் அங்கதான் கிடக்கா?"

ரோசமண்ட் கோப்பையைப் பள்ளத்தின் விளிம்பில் வைத்தாள். "இது உங்களுக்குத் தெரியுமா?"

"தரை ஓடு ஒண்ணு இறங்கிச்சு. மட்டம் பண்ணத் தூக்கினேன். கையை விட்டா சிலுவை."

"எப்ப?"

"யாருக்கு ஞாபகம்?"

"ஏன் சொல்லல? என்னை நாறடிச்சிருக்கலாமே!"

"அதுக்குத்தான் தரையிலேர்ந்து ஆசையா எழுந்தேன். வாசல்ல ஒரு பஸ் வந்து நின்னுச்சு. நாப்பது பேரு, உங்க சன்னலைப் பாக்க. அதுக்கு முந்தின வருஷம் கோயிலைப் பூட்டிடலாம்னு மேலிடத்துல பேசிக்கிட்டிருந்தாங்க. ஓட்டைத் திரும்ப வெச்சு மிதிச்சுட்டேன்." குரல் தாழ்ந்தது. "உங்க மேல கோவம் போகல. சுவரு என்ன பாவம் பண்ணுச்சு? மூடிடுங்க. எனக்கும் வேணாம், உங்களுக்கும் வேணாம்."

வெளியே கனமான வண்டி பின்னோக்கி வரும் ஓசை கேட்டது. இருபது நிமிஷம் முன்னதாகவே வந்துவிட்டது.

தோற்கடித்தவளே கதவைத் திறந்துவிட்டு நிற்கிறாள். நுழைந்துவிட்டால் போதும். ஆனால் இனி ஒவ்வொரு முறை யாராவது வடசுவரைப் பற்றிக் கேட்கும்போதும் அவள் கை எதையாவது மூடிக்கொண்டிருக்கும். அதுவும் மியூரியல் தர்ட்டில் அளந்து கொடுத்த இரக்கத்தின் அடியில்.

"ஊத்தவா அம்மணி?" பார்னி கத்தினான். "நின்னா இறுகிடும்!"

"வேணாம். திருப்பி அனுப்பு."

அவன் எதையோ முணுமுணுத்தான். ஆலயத்துக்குள் சொல்லக்கூடாத வார்த்தை அது. ரோசமண்ட் அளவுகோலைக் கல்லின் ஓரம் கிடத்திப் படமெடுத்தாள். பிறகு பதிவுத் தாளைத் தொடையில் வைத்து பென்சிலால் எழுதினாள்: சுவர், கல்லறை மூடிக்கு மேல். 1200களுக்கு முந்தையதல்ல. எனது முந்தைய முடிவு தவறு. கோயிலைப் பூட்டப் பேசிய வருஷத்தை நினைவிலிருந்து கூட்டிப் பார்த்து அடுத்த வரியை எழுதினாள்: முதலில் கண்டவர், மியூரியல் தர்ட்டில், 2004 வாக்கில்.

"என்னை எதுக்கு இழுக்கறீங்க?" மியூரியலின் கழுத்து சிவந்தது. "மறைச்சவள்னு ஊரே சொல்லும்."

"முன்னாடி யாராவது தொட்டிருந்தா எழுதியே ஆகணும். அது விதி."

விதி உண்மைதான். நியாயத்துக்காக எழுதினாளா, அவமானத்துக்குத் துணை தேடி எழுதினாளா? ரோசமண்ட் தனக்குள் தேடினாள். இரண்டும் ஒரே சாந்தில் இறுகிக் கிடந்தன. பிரிக்க முடியவில்லை.

மியூரியல் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, குனிந்து அந்த வரியைப் படித்தாள்.

"வாக்கிலயாம்! என்ன டாக்டர் படிப்பு இது?" என்றாள். "ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாள் அது. மூணாவது வாரம், வியாழக்கிழமை. பீடத்துல பூ கிடையாது. சும்மா இருந்த பூ ஜாடியிலதான் மண்ணை அள்ளினேன். வருஷம் 2003. சரியா எழுதுங்க."