செம்பு அண்டாவில் கலந்த கடல்

முதல் தடவை உப்புத் தண்ணி கலக்கச் சொன்னபோது நான் பக்கெட்டில் உப்பைக் குவித்து, நடுவில் குழி பறித்து, அதில் தண்ணி ஊற்றினேன். வேற எப்படிக் கலப்பது? இத்தனை வருசமாக சிமெண்டும் மணலும் அப்படித்தான் கலந்துகொண்டு வருகிறேன். சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெளுத்துப்போய், அடியில் கெட்டி பிடித்துக்கொண்டது.

"யோவ் மாமா, இன்னா பண்ணி வெச்சிகீற? இது இன்னா கலவையா?" என்றாள் என் மனைவி ஸ்வர்ணலதா. "தண்ணிய மொதல்ல ஊத்தணும். மோட்டார் ஓடிக்கினு இருக்கும்போது உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாத் தூவணும். கொழம்புக்குப் போடற மாதிரி."

"கொழம்புக்கு நான் எப்ப உப்புப் போட்டேன்?"

"அதான் தெரியுதே."

அந்த பக்கெட்டைக் கொண்டுபோய் வாசலில் கொட்டினேன். நாங்கள் குடியிருப்பது திருப்பதியில் ஜீவகோனா பக்கம், ஒரு ரூமும் சமையல் இடமும். அந்த ஒரு ரூமில்தான் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே ஒரு கடல் தொட்டி வந்து உட்கார்ந்திருந்தது.

தொட்டி எங்களுடையது இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜில் லதா ரூம் கழுவுகிறாள். அங்கே ரிசப்ஷனில் இருந்தது அது. ரெண்டு ஆரஞ்சு மீன், சிவப்பும் வெள்ளையுமாய் ஒரு இறால், கல்லின் மேல் பொத்தான் பொத்தானாகப் பச்சைப் பூ. பூ என்றால் செடி இல்லை. பவளம். அதுவும் ஒரு உயிர்தான். வாய் இருக்கிறது, துன்னும், பயந்தால் மூடிக்கொள்ளும். தரை துடைத்து முடித்ததும் லதா அதன் எதிரில் கொஞ்ச நேரம் நிற்பாளாம். தொட்டியைச் சுத்தம் பண்ண மாசத்துக்கு ஒரு தடவை வருகிற திலீப்பை எதையாவது கேட்டுக்கொண்டே இருப்பாளாம்.

லாட்ஜுக்குப் பெயிண்ட் அடிக்க ஆரம்பித்தார்கள். அந்த வாசனை தொட்டிக்கு ஆகாது என்று திலீப் சொல்லிவிட்டான். மேனேஜர் எழிலரசன் சார் திருத்தணிக்காரர். யார் வீட்டில் வைப்பது என்று கேட்டபோது லதாதான் நான் வைக்கிறேன் என்றாளாம்.

"சரி லதாம்மா," என்றிருக்கிறார். "எல்லாம் உசுரோட திரும்பி வரட்டும். வந்துட்டா இனிமே உங்களுக்குக் கீழதான் வேலை. தொட்டி, ரிசப்ஷன், அவ்ளோதான். மாடி வேணாம்."

மாடி வேணாம் என்ற அந்தச் சொல்லுக்காகத்தான் எல்லாம். அவளுக்கு ரெண்டு முழங்காலும் போய்விட்டது. படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஏறுவாள். லாட்ஜில் லிப்ட் இருக்கிறது, அது வந்து தங்குகிறவர்களுக்கு. ஆஸ்பத்திரியில் படி ஏறாதீங்க என்று டாக்டர் சொன்னதற்கு, "படி இல்லாத வேலை ஒண்ணு எழுதிக் குடுங்க சார்" என்று கேட்டுவிட்டு வந்தவள் அவள்.

தொட்டி ஆட்டோவில் வந்தது. நான் செங்கல் அடுக்கி, மட்டம் பார்த்து, அதற்கு ஒரு மேடை கட்டினேன். வீட்டுக்காரம்மா கன்னிகா வந்து பார்த்துவிட்டு முகவாயில் கை வைத்தாள்.

"கடல் தண்ணிய உப்பு வாங்கி செய்றியாடி? சத்தியவேடு தாண்டுனா பழவேற்காடு. பஸ்ல போய் ஒரு கேன் மொண்டாந்தா ஆவாதா?"

"அந்தத் தண்ணில எவன் இன்னா கழுவினானோ. இதுங்க ஏசியில இருந்த மீனு, அக்கா."

"அப்ப எங்க வீட்டுக் கரண்டு பில்லு ஏறும்னு சொல்லு."

திலீப் வந்து எல்லாம் காட்டிக்கொடுத்தான். குழாய்த் தண்ணி கூடாது. வாட்டர் பிளாண்டில் எதுவும் சேர்க்காமல் வடிகட்டினதைத் தனியாகக் கேட்டுக் கேனில் வாங்கவேண்டும். அதில் சின்ன மோட்டாரைப் போட்டு ஓடவிட்டு உப்பைத் தூவவேண்டும். தொட்டித் தண்ணி எவ்வளவு சூடோ இதுவும் அவ்வளவு சூடு இருக்கவேண்டும். ராத்திரி முழுக்க ஓடட்டும். காலையில் உப்பு அளக்கிற ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மொண்டு பார்த்தால் உள்ளே ஒரு முள் எழும்பும். அது பச்சைக் கோட்டுக்குள் நின்றால் சரி. தொட்டியில் இருக்கிற பழைய தண்ணியில் கொஞ்சம் எடுத்துவிட்டு இதை ஊற்றவேண்டும். இது வாரா வாரம்.

இது இல்லாமல் தினமும் தொட்டியில் கொஞ்சம் தண்ணி வற்றும். அதற்கு உப்பு போடாத தண்ணியைத்தான் ஊற்றவேண்டும் என்றான். எனக்கு அது உடனே பிடிபட்டது. கான்கிரீட் போட்டுவிட்டு வந்து சட்டையைக் கொடியில் போட்டால் வேர்வை காய்ந்து வெள்ளை வெள்ளையாகக் கோடு நிற்கும். தண்ணி போய்விடும், உப்பு எங்கே போகும்?

கடைசியாக ஒன்று சொன்னான். "அண்ணா, இரும்பு மட்டும் படவே கூடாது. துருப் புடிக்கும். பவளம் செத்துடும்."

சனிக்காக நான் போட்டிருந்த குதிரை லாட இரும்பு மோதிரத்தை அன்றைக்கே கழற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். கரண்டி கூட மரக்கரண்டி.

முதல் வாரம் சொதப்பினாலும் அப்புறம் நன்றாகவே போனது. பூ விரிந்தது. இறால் மீனின் முதுகில் ஏறிச் சுத்தம் பண்ணுவதை லதா கட்டிலில் உட்கார்ந்து பார்ப்பாள், முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே. "பாரேன், முடி வெட்றவன் மாதிரி" என்பாள்.

பெயிண்ட் வேலை முடியப்போகிற நேரத்தில் பக்கெட் அடியில் விரிசல் விட்டது. மாடியில் வெயிலில் கவிழ்த்து வைத்தது. என் சைட்டு பக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். லதா கிட்டவே சேர்க்கவில்லை.

"உன் சிமெண்டு பக்கெட்டா? கழுவுனாலும் நாளைக்கு அதுல செவுரு எழும்பும்."

"அப்ப எதுலடி கலக்கறது?"

பரணைக் காட்டினாள். மேலே அவள் அம்மா வீட்டிலிருந்து வந்த செம்பு அண்டா. எங்கள் ஊர் நாகலாபுரத்தில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அதில்தான் தண்ணி நிரப்பி வைப்போம். இங்கே வந்தபிறகு இறக்கினதே இல்லை.

"செம்புல வெச்ச தண்ணி மாதிரி சுத்தம் எது கீது?" என்றாள். "சாமிக்கே செம்புலதான் மொள்றோம். இரும்பும் இல்ல."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. நான்தான் இறக்கினேன். புளி போட்டு அவள் தேய்த்தாள். உள்ளே முகம் தெரிகிற மாதிரி பளபளத்தது. கேன் தண்ணியை ஊற்றி, மோட்டார் போட்டு, உப்பைத் தூவிவிட்டுப் படுத்தோம். காலையில் முள் பச்சைக் கோட்டுக்குள் நின்றது. அவளே மொண்டு மொண்டு தொட்டியில் ஊற்றிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பினாள்.

அன்றைக்கு மழை. சைட்டில் வேலை இல்லை. சோற்றைப் போட்டுக்கொண்டு தொட்டிக்கு எதிரில் உட்கார்ந்தேன். முதலில் பூவெல்லாம் மூடினது. எதற்கோ பயந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் இறால் கல்லிலிருந்து நழுவி, பக்கவாட்டில் நடந்தது. நடந்தது என்றா சொல்வது? லதா படியேறுகிற மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து இழுத்துக்கொண்டு போனது. நான் தட்டை வைத்துவிட்டு எழுந்தேன். கண்ணாடியைத் தட்டினேன். அது மல்லாக்க விழுந்தது.

எனக்கு எழுத்து வந்ததே நாற்பதுக்கு மேல். போனில் 'திலீப் மீன்' என்று நானே எழுதிப் போட்டு வைத்திருந்தேன். அன்றைக்கு அவசரத்தில் தேடினால் எழுத்தெல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. ஒருவழியாகக் கிடைத்தான். சித்தூரில் ஒரு டாக்டர் வீட்டில் தொட்டி கழுவிக்கொண்டிருந்தான்.

"மீன் எப்படி இருக்குது அண்ணா?"

"மீனுக்கு ஒண்ணும் இல்ல, சுத்திக்கினு கீது. இறாலுதான் கவுந்து போச்சு. பூ மூடிக்கிச்சி."

"தண்ணி மாத்துனீங்களா?"

"காலையில."

"எதுல கலக்குனீங்க?"

சொன்னேன்.

"அய்யய்யோ. செம்பு அண்ணா, செம்பு! மீன் தாங்கிக்கும். இறாலுக்கும் பவளத்துக்கும் அதுதான் விஷம். இரும்பை விட மோசம்."

"நீ இரும்புன்னுதானே சொன்ன."

"ஆமாண்ணா. இரும்புன்னுட்டேன். எவன் அண்டாவை இறக்குவான்னு நினைச்சேன்?" என்றான். "சரி, பரவாலேது, கேளுங்க. தண்ணிய மாத்தணும், இப்பவே. எனக்காகக் காத்துக்கினு இருக்காதீங்க. நான் செம்பை உறிஞ்சற கரிப் பை எடுத்துக்கினு பஸ் ஏறறேன்."

லதாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "இறாலு?" என்று கேட்டாள். "போச்சு" என்றேன். வைத்துவிட்டாள்.

வீட்டில் புதுத் தண்ணி கேன் ரெண்டு இருந்தது. கலக்க ஏனம் இல்லை. அப்போதுதான், கேனே பிளாஸ்டிக் தானே என்று தோன்றியது. உருட்டும்போது குலுங்க இடம் வேண்டுமே என்று கொஞ்சம் தண்ணியைச் சொம்பில் ஊற்றப்போனவன் கையை இழுத்துக்கொண்டேன், அந்தச் சொம்பும் செம்பு. பிளாஸ்டிக் குடத்தில் ஊற்றினேன். பேப்பரைச் சுருட்டிக் கேன் வாயில் வைத்து, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, மூடியை இறுக்கி, கேனைப் படுக்கப் போட்டுக் காலால் உருட்டினேன். சைட்டில் டிரம்மை உருட்டுகிற மாதிரிதான். தாழ்வாரத்தில் அந்தக் கோடிக்கு ஒரு தடவை, இந்தக் கோடிக்கு ஒரு தடவை.

கன்னிகா கதவைத் திறந்தாள். "இன்னா அண்ணே, வீட்டுக்குள்ள ரோடு போடறியா?"

"ஒரு கேனை நீ உருட்டு, அப்புறம் சொல்றேன்."

சிரித்துக்கொண்டே புடவையைச் செருகிக்கொண்டு அவளும் ஒன்றை உருட்டினாள். அரை உருட்டுக்கு ஒருதரம் நிறுத்தி, மீனுக்கு இன்னாச்சு என்று கேட்டாள். சொன்னதும் சிரிப்பை விட்டுவிட்டு வேகமாக உருட்டினாள்.

தண்ணி சில்லென்று இருந்தது. அண்டாவைக் கழுவி, வெந்நீர் வைத்து, கேன்களை ஒவ்வொன்றாக அதற்குள் நிற்கவைத்தேன். அன்றைக்கு அண்டாவுக்கு அதுதான் வேலை, வெளியிலிருந்து சூடு கொடுப்பது. உப்பு கரைந்ததும் மூடியைத் திறந்து டப்பாவில் ஊற்றிப் பார்த்தேன். முள் கொஞ்சம் கீழே நின்றது, இன்னும் ஒரு பிடி போட்டு உருட்டினேன். பச்சைக் கோட்டுக்கு வந்தது.

லதா நனைந்துகொண்டு வந்து சேர்ந்தபோது பழைய தண்ணியை டியூப் வைத்து இறக்கிக்கொண்டிருந்தேன். இறாலை ஒரு பிளாஸ்டிக் மூடியில் எடுத்து வைத்தாள். புதுத் தண்ணியை அவளே ஊற்றினாள், கல்லின் மேல் விழாமல், கண்ணாடி ஓரமாக.

"நான்தானே மாமா தேச்சேன்," என்றாள் கடைசியில். "புளி போட்டு வேற தேச்சேன்."

"இறக்கினது நான்."

"நீ இன்னா சொன்னாலும் இறக்குவ."

திலீப் பொழுது சாய்கிற நேரத்துக்கு வந்தான். கரிப் பையை மோட்டார் வாயில் கட்டினான். நாளைக்கும் ஒரு தடவை மாற்றணும், அப்புறம் பூ பிழைத்தால் பிழைத்தது என்றான். இறாலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, என்கிட்ட இதே மாதிரி ஒண்ணு இருக்குது. விட்டுடலாம். சாருக்கு எப்படித் தெரியும்?"

லதா தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சரி என்பாள் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"இந்தத் தண்ணில செம்பு எல்லாம் போச்சா?"

"எல்லாம்னு சொல்ல முடியாதுக்கா."

"அப்ப அதுவும் கவுந்து போவும். வேணாம் தம்பி. ஒண்ணைக் கொன்னது போதும்."

மறுநாளும் கேன் உருட்டினோம். அடுத்த வாரம் தொட்டியை ஆட்டோவில் ஏற்றினோம். அப்போது கல்லில் ஓரத்துப் பூ சிலது மட்டும் பாதி திறந்திருந்தது. நடுவில் இருந்ததெல்லாம் மூடியே கிடந்தது. தூக்கி வைக்க ஆள் வேண்டும் என்பதால் நானும் லாட்ஜுக்குப் போனேன். புதுப் பெயிண்டில் சுவரெல்லாம் சந்தன நிறம்.

எழிலரசன் சார் குனிந்து பார்த்தார். "மீன் ரெண்டும் இருக்கு. இறால் எங்க லதாம்மா?"

"செத்துப் போச்சு சார். செம்பு அண்டால தண்ணி கலந்துட்டேன். செம்பு ஆகாதுன்னு எனக்குத் தெரியல. பூவுக்கும் அதாலதான் இப்படி."

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார், அப்புறம் மூடின பூவைப் பார்த்தார்.

"எல்லாம் உசுரோட வரணும்னு சொல்லியிருந்தேன்."

"ஆமா சார்."

"இப்ப ஓனர் வந்து இது ஏன் மூடியிருக்குன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"நான் பண்ணதுன்னு சொல்லுங்க சார்."

அவர் பேனாவை மூடித் திறந்தார். "பூ தொறக்கற வரைக்கும் மாடியும் பாருங்க, தொட்டியும் பாருங்க. தொறந்தா பேசிக்கலாம்."

திரும்பி வரும்போது, "ரெண்டையும் பாக்கச் சொல்றானே மனுசன்" என்றேன்.

"தொட்டிய எடுத்துடலையே," என்றாள் லதா.

அந்த மாசம் அவள் ரெண்டு வேலையும் பார்த்தாள். காலையில் சீக்கிரம் போய்த் தொட்டி, அப்புறம் பக்கெட்டும் துடைப்பமுமாய் மாடி. ராத்திரி தைலம் தேய்க்கும்போது பூவைப் பற்றித்தான் பேசுவாள். நடுவில் சிலது கரைந்து போய்விட்டது, இனி வராது என்றாள். ஓரத்தில் இருப்பது நன்றாகத் திறக்கிறது என்றாள். ஒருநாள், ஒன்றின் பக்கத்தில் குட்டியாக இன்னொன்று முளைத்திருக்கிறது, மிளகு அளவுக்கு என்றாள். எழிலரசன் சார் ஒன்றும் சொல்லவில்லை என்றும் சொன்னாள்.

எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில்தான் இப்போதும் தண்ணி கலக்கிறோம், புது பிளாஸ்டிக் டிரம்மில். வாரா வாரம் கேனைத் தோளில் வைத்து லாட்ஜில் இறக்கிவிட்டு நான் சைட்டுக்குப் போவேன். எப்போது போனாலும் அவள் மாடியில் இருப்பாள், நான் வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு வருவேன்.

போன வாரம் போனபோது வாட்ச்மேன், "உள்ளதான் கீறாங்க, போ" என்றார். செருப்பை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். தொட்டிக்கு எதிரில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தது. அதில் லதா உட்கார்ந்திருந்தாள், ரெண்டு காலையும் நீட்டிக்கொண்டு. அவள் வேலை செய்கிற இடத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

கேனை இறக்கி வைத்துவிட்டுக் கிட்டே போனேன். பச்சைப் பொத்தான்கள் கல்லின் ஓரமெல்லாம் விரிந்திருந்தன. ஒன்றைத் தொட்டுக் காட்ட விரலைக் கண்ணாடிக்கு மேலே கொண்டுபோனேன்.

"யோவ், கைய எடு," என்றாள், எழுந்திருக்காமலே. "சிமெண்டுக் கை. போய்க் கழுவிக்கினு வா."