ஆனையூர் வீட்டில் படிந்த கரிசல்

ஆனையூரில் சிவக்குமார் வீட்டு ஜன்னல்களில் மட்டும் கரிசல் தூசி படியத் தொடங்கியது, அவன் மகனுக்குக் காது குத்திய மறுநாள் காலையில். பக்கத்து வீடுகளில் இல்லை. எதிர்வீட்டில் காயப்போட்ட வெள்ளை வேட்டியில்கூட ஒரு பொட்டு இல்லை. அந்தத் தெருவில் பறப்பது செம்புழுதி. கரிசலைப் பார்க்க வேண்டுமென்றால் திருமங்கலம் தாண்டிப் போக வேண்டும். காற்றுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று தெரு நாலு நாள் பேசிவிட்டு, குடிதண்ணீர் வராத கவலைக்குத் திரும்பியது.

சிவக்குமாரின் பெண்டாட்டி சத்யப்ரியாவுக்கு மட்டும் முதல் துடைப்பிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. டி. கல்லுப்பட்டிக்குத் தெற்கே அவளுடைய அப்பா தவசி உழுகிற காட்டு மண் அது. விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். சின்ன வயதில் தின்று அடி வாங்கிய மண்ணின் ருசி மறக்குமா என்ன?

காதுகுத்தில் நடந்தது இதுதான். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமன் சீர் மேளதாளத்தோடு தெரு அடைத்து வர வேண்டும். சத்யப்ரியாவுக்குக் கூடப்பிறந்தவன் கிடையாது. ஆள் இல்லாத குறைக்குத் தவசியே தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, ஒரு தாம்பாளத்தில் தேங்காய் பழமும் பேரனுக்கு ஒரு சட்டையும் வைத்து ஏந்திக்கொண்டு தனியாக வந்தார். மேளமில்லை, வேட்டுமில்லை. மாமியார் செல்லத்தாயின் வாய் லேசுப்பட்டதல்ல. சொந்தபந்தத்துக்கு முன்னால் மானம் போய்விட்டதென்று கொசுவலைக் கதவை உள்ளே தாழ்போட்டுவிட்டு, "சீர் கொண்டு வந்தீரா, பிச்சை போட வந்தீரா? இனி இந்த வாசப்படிய மிதிக்கப்படாது" என்றாள். சிவக்குமார் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலைக்கு அந்தப் பக்கம் நின்ற தவசி மகளைத் தேடிப் பார்த்து, "புள்ளைக்கு வலிக்காமக் குத்தச் சொல்லுத்தா" என்றார். தாம்பாளத்தை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு சத்யப்ரியாவின் செல்போன் செல்லத்தாயின் இடுப்பில் குடியேறியது. தகப்பனோடு பேச்சில்லை, போக்குவரத்தில்லை. ஜன்னல் துடைக்கிற வேலைதான் இருந்தது, அதுவும் தண்டனையாகக் கொடுக்கப்பட்டது. பாவி மகள் அதில் பிழைத்துக்கொண்டாள். முதலில் வலையை உலர்ந்த பிரஷால் மெதுவாகத் தட்டுவாள்; பிறகு அரைப் பாக்கெட் ஷாம்பு கரைத்த தண்ணீரில் துணியைப் பிழிந்து சட்டங்களைத் துடைப்பாள்; கடைசியில் பழைய பேப்பரால் கண்ணாடியைத் தேய்ப்பாள். தூசி ஈரமாக அப்பியிருந்தால் அங்கே மழை. வலையில் பஞ்சு சிக்கியிருந்தால் பருத்தி வெடித்துவிட்டது. துடைக்கும்போது தும்மல் வந்தால் அப்பா மிளகாய் வத்தல் காயப்போட்டிருக்கிறார். தும்மித் தும்மிச் சிரித்தாள். ஜன்னல் துடைப்பதில் என்னடி இளிப்பு என்று செல்லத்தாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சித்திரையில் தூசியில் தைல வாசம் வந்தது. பிறகு தூசி மெலிந்துகொண்டே போனது. அப்பாவுக்கு முடியவில்லை, ஒரு நடை பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று புருஷன் காலைப் பிடித்தாள். யார் சொன்னது உனக்கு என்று கேட்டான். ஜன்னல் சொன்னது என்றாள். அவன் அம்மாவைப் பார்த்தான். உன் தங்கச்சிக்குப் பூ வைக்கிற விசேஷம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள்.

விசேஷத்தன்று விடியும்போதே போன் வந்தது. தவசி இறந்துவிட்டாராம், மகளை அனுப்புங்கள் என்றது கல்லுப்பட்டிக் குரல். சொன்னால் மருமகளுக்குத் தீட்டு, விசேஷம் நின்றுபோகும். செல்லத்தாய் கொல்லைப் பக்கம் போய், பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது, தாய்க்காரி நகர முடியாது, காத்திருக்காமல் எடுத்துவிடுங்கள் என்று அடக்கமான குரலில் சொல்லிவிட்டு வந்தாள். மகன் காதில் மட்டும் விஷயத்தைப் போட்டாள்.

அன்றைக்கு வீட்டில் பகல் வரவில்லை. அத்தனை ஜன்னலும் கரிசலால் அடைபட்டுக் கிடந்தன. விளக்கைப் போட்டுக்கொண்டுதான் கேசரி கிண்டினார்கள். சத்யப்ரியா துணியோடு வாசலுக்கு வந்தாள். கொசுவலைக் கதவின் வெளிப்பக்கத்தில், தோளில் துண்டோடு, ஆள் உயரத்துக்கு மண் நின்றது. இரண்டு உள்ளங்கைகளும் வலையில் பதிந்திருந்தன. அவள் துணியைக் கீழே போட்டாள்.

"அத்தை, அப்பா வந்திருக்காரு."

"வந்தவரு போகட்டும். மாப்ள வீட்டுக்காரக வார நேரம்" என்ற செல்லத்தாய், தோட்டத்துக் குழாயை இழுத்து வந்து தானே திறந்துவிட்டாள். துண்டு முதலில் கரைந்தது, பிறகு தோள், பிறகு முகம். கைகள் மட்டும் விடாமல் கொஞ்ச நேரம் நின்றன. அப்புறம் அவையும் கறுப்புத் தண்ணீராகி கேட்டுக்கு அடியில் சாக்கடைக்கு ஓடின. சத்யப்ரியா சாக்கடையில் மண்டியிட்டு ஒரு கை சேற்றை அள்ளிவிட்டாள். பந்தி வைக்கிற கை என்று சொல்லி அந்தக் கையையும் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தாள் மாமியார். ஐயோ, அவளும் ஒரு தகப்பனுக்குப் பிறந்தவள்தானே!

வந்தவர்கள் வீடு கண்ணாடி மாதிரி இருக்கிறதென்று மெச்சினார்கள். பூ வைத்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக் கிளம்பியபின், விளக்கு வைக்கிற நேரத்தில் செல்லத்தாய் விஷயத்தைச் சொன்னாள். அதற்குள் அங்கே எரித்து முடித்திருந்தார்கள். "காலையில சொன்னா அழுவ. அழுத மொகத்தோட பந்தி வைக்க முடியுமா?" என்றாள். சிவக்குமார், அம்மா சொல்றதும் நெசந்தானே என்றான்.

அன்றிலிருந்து அந்த வீட்டு ஜன்னலில் எந்தத் தூசியும் உட்காருவதில்லை. கரிசலும் இல்லை, தெருவின் செம்புழுதியும் இல்லை. ஆடிக் காற்றில் ஊரே கண்ணைக் கசக்கும்போதும் புழுதி அந்தச் சுவரருகே வந்து விலகிப் போகிறது. சத்யப்ரியா காலையில் எழுந்ததும் துணியை நனைத்துக்கொண்டு ஒவ்வொரு கண்ணாடியாகப் பார்க்கிறாள். வலையில் மூக்கை வைத்து மோந்து பார்க்கிறாள். ஒருநாள் தெருமண்ணை அள்ளித் தானே பூசினாள்; கை எடுப்பதற்குள் அது சரிந்து விழுந்துவிட்டது. இப்போது தெருவுக்கு இதுவும் பழகிவிட்டது. எதிர்வீட்டுக்காரிதான் வயிறெரிந்து, அது எப்படி உங்க வீடு மட்டும் இம்புட்டுச் சுத்தமா இருக்கு என்று ஒருநாள் கேட்டாள்.

"எல்லாம் எம் மருமக கைராசி" என்றாள் செல்லத்தாய்.

கொசுவலைக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்த சத்யப்ரியா, உலை கொதிக்கிற சத்தம் வந்ததும் அரிசி போட உள்ளே போனாள்.