தெருப் பக்கத்துப் பளபளப்பு

காப்பீட்டு அலுவலகத்தின் துணை மேலாளருக்கு நீச்சல் தெரியாது. குளிக்கும்போதுகூட வாளிக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மொள்ளுவார் என்று அவர் மனைவி சொல்வாள். அப்பேர்ப்பட்டவர் பழைய மோட்டார் படகு ஒன்றை வாங்கினார் என்றால் அதற்குக் காரணம் சகலை, அதாவது மனைவியின் அக்கா புருஷன். அந்த மனிதர் புதிதாக ஒரு பெரிய காரை வாங்கி, வாங்கியதைப் பற்றி மூச்சு விடாமல், இவர் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து இவருக்குச் சோறு இறங்கவில்லை. பதிலுக்குக் கார் வாங்கினால் போட்டி என்பார்கள். படகு வாங்கினால் ரசனை என்பார்கள். படகே வாங்கினார்.

விற்றவர் ஒரு பல் டாக்டர். படகு அவர் வீட்டுக் கொல்லையில், டிரெயிலர் மேல், வருஷக்கணக்காக வெயில் காய்ந்துகொண்டிருந்தது. துணை மேலாளர் அதன் விலாவில் கை வைத்தார். உள்ளங்கை முழுக்க வெள்ளைப் பொடி அப்பிக்கொண்டது.

"ஃபைபர் வெயில்ல நின்னா இப்படித்தான் சார் பூத்துப்போகும்," என்றார் டாக்டர். "மேல தேய்ச்சா உள்ள பழைய நீலம் அப்படியே இருக்கு. பல்லு மாதிரிதான்."

"அப்ப நீங்களே தேய்ச்சிருக்கலாமே?"

"நாள் முழுக்க அதானே சார் பண்றேன். வீட்டுக்கு வந்துமா?"

படகு வந்து சேர்ந்தது. ஒரு பக்கம் தெருவைப் பார்த்தும் மறுபக்கம் மதில் சுவரை ஒட்டியும் நின்றது. விஷயம் அலுவலகத்துக்கு எட்டியதும் அவருக்கு முகத்துக்கு நேரே 'சார்', முதுகுக்குப் பின்னால் 'மாலுமி' என்று ஆகிப்போனது.

சனி, ஞாயிறு என்றால் மாலுமியை வீட்டுக்குள் பார்க்க முடியாது. முதலில் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவினார். பிறகு தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால், முதலில் சொரசொரப்பானதும் அப்புறம் நைஸானதுமாக, தேய் தேய் என்று தேய்த்தார். பால் மாதிரி வெள்ளைக் குழம்பு வழிந்து முழங்கை வரை ஓடியது. அதற்கு மேல் பாலிஷ் பசையைத் தடவி, இரவல் வாங்கின மெஷினை ஓடவிட்டார். தோள்பட்டை கழன்றுவிடும்போல் இருந்தது. ஆனால் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு நீலம் எழுந்து வந்ததும் அவருக்கு வலி மறந்துபோனது. அதில் அவர் முகம் தெரிந்தது. குளியலறைக் கண்ணாடியில் தெரிவதைவிட லட்சணமாகவே தெரிந்தது.

எதிர்வீட்டு டீச்சர் நின்று, "புதுசு மாதிரி ஆயிடுச்சே சார்," என்றார். அந்த ஒரு வார்த்தையில் தெருப் பக்கம் முழுவதையும் முடித்து மெழுகும் பூசிவிட்டார். சுவர்ப் பக்கத்துக்கு வரும்போது உடம்பு மக்கர் பண்ணியது.

"ஏங்க, இந்தப் பக்கம்?" என்றாள் மனைவி.

"சுவரா வந்து பாராட்டப்போவுது?"

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். அந்தச் சிரிப்பிலேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு சகலை குடும்பத்தை ஏரிக்கு வரச்சொன்னார். அவர்கள் வருவதற்கு முன்பே போய்ப் படகை இறக்கி, பளபளக்கும் பக்கம் படித்துறையைப் பார்க்கும்படி கட்டிவைத்தார். சகலை வந்தார். பார்த்தார். காரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"ஜோரா இருக்கு சகலை," என்றார். மாலுமிக்கு அதுவே போதும், அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் சகலை உயிர்க்காப்பு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

கரையோர நடைபாதை பெஞ்சில் அக்காவும் தங்கையும் உட்கார்ந்திருக்க, படகு கரையை ஒட்டியே நீலமாக வழுக்கிக்கொண்டு போனது. நடந்துகொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருவர் படம்கூட எடுத்தார். ஏரியின் கோடிக்குப் போன பிறகுதான் மாலுமிக்கு உறைத்தது. திரும்பினால் மறுபக்கம் அல்லவா கரைக்குத் தெரியும்?

"திருப்புங்க சகலை, போலாம்," என்றார் பின்னால் இருந்தவர்.

"இல்ல, இது பின்னாடியே நல்லா போகும்," என்று சொல்லிவிட்டு ரிவர்ஸ் போட்டார்.

படகு பின்புறமாகக் கிளம்பியது. கொஞ்ச தூரம் மரியாதையாகத்தான் வந்தது. பெஞ்ச் கண்ணில் பட்டதும் அவர் வேகத்தைக் கூட்டினார். ஏரித் தண்ணீர் பின்பக்கமாக ஏறி, சகலையின் மடியில் இறங்கியது.

"சகலை, தண்ணி வருது."

"ஏரின்னா வரத்தான் செய்யும்."

அடுத்த அலை சகலையின் கழுத்து வரை நனைத்தது. அதற்கடுத்தது எஞ்சினை நனைத்தது. எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கிப்போனது. நீச்சல் தெரியாத மாலுமி ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். முழங்கால் அளவுத் தண்ணீரில் உட்கார்ந்தபடி சகலைதான் ஏரிக் காவல் படகைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

அவர்கள் வந்து கயிறு கட்டி, படகை நேராகத் திருப்பி, சாவகாசமாக இழுத்துக்கொண்டு போனார்கள். வெளுத்துப் பூத்துப்போன பக்கம் நடைபாதை நெடுகிலும் ஊர்வலம் போனது.

"ஏண்டி, இதுவா அந்தப் படகு?" என்றாள் அக்கா.

"அதேதான்க்கா. போகும்போது பாத்தது வெளிய காட்டற முகம். இது வீட்டுல இருக்கற முகம்."

கரையேறிய சகலை சட்டையைப் பிழிந்தபடி, "எஞ்சின் நல்ல இழுவை," என்று மட்டும் சொன்னார். அவர் ஏதாவது திட்டியிருந்தால்கூட மாலுமிக்குத் தேவலாம் என்றிருந்தது. அந்த நனைந்த மனிதர் தன் புதுக் காரின் சீட்டில் உட்கார மனசு வராமல், துண்டு கேட்டு நின்ற கோலத்தைப் பார்த்தபோது, இத்தனை மாதமாக எதற்காகப் பொறாமைப்பட்டோம் என்று மாலுமிக்கே விளங்கவில்லை. தன் துண்டைக் கொடுத்தார்.

சனிக்கிழமை காலையில் டிரெயிலரைத் தள்ளித் திருப்பி, சுவர்ப் பக்கத்தைத் தெருப் பக்கமாக்கி, உப்புத்தாளை நனைத்தார். எதிர்வீட்டு டீச்சர் நின்றுவிட்டார்.

"என்ன சார், அதுக்குள்ள வெளுத்துருச்சா?"

"இல்லைங்க," என்றார் அவர். "இந்தப் பக்கத்தை நான் தொடவே இல்லை."